இரண்டு விரல் கூடுதலாய் ஒரு ஜன்னல்

தெருவில் எல்லோரும் அவரைத் தாராளம் என்றுதான் கூப்பிடுவார்கள். உடனே வாரி வழங்கும் வள்ளல் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது டீ வாங்கித் தரச் சொன்னால் அன்றைக்கென்று பார்த்து அவருக்கு வயிறு சரியிருக்காது. பெயர் வந்தது தையலால். சட்டையோ கோட்டோ, எதைத் தைத்தாலும் மனிதர் கொஞ்சம் தாராளமாகத்தான் வெட்டுவார். அளவு எடுக்கும்போது டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துக்கொள்வார். "என்ன டெய்லரே, இவ்வளவு விடுறீங்க?" என்று கேட்டால், "மனுஷன் சாப்பிட வேணாமா? மூச்சு விட வேணாமா?" என்பார். அவர் தைத்த கோட்டுக்குள் ஒரு ஆளும் அவனுடைய மச்சானும் சேர்ந்து போகலாம் என்று எதிர்ப்பக்கம் செருப்புத் தைக்கிறவர் வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் மனைவியைத் தெரு முழுக்க சிஸ்டர் என்று கூப்பிடும். பெரிய ஆஸ்பத்திரியில், அதுவும் மூச்சுக்கு மெஷின் வைக்கிற வார்டில், காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வார்டில் தொண்டையில் குழாய் போட்டுப் படுத்திருப்பவர்களுக்குக் குரல் வராது, உதடு மட்டும்தான் அசையும். அதைப் பார்த்தே தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா, மகனைக் கூப்பிடச் சொல்கிறாரா என்று சிஸ்டர் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு இது வரம். வீட்டில் தாராளத்துக்கு இது பெரிய தொல்லை. சண்டை முடிந்து திரும்பி உட்கார்ந்து, கடைசியாக நாலு வார்த்தை முணுமுணுத்துக்கொள்ளும் சுகம் எல்லாப் புருஷனுக்கும் உண்டு இல்லையா? அது அவருக்குக் கிடையாது. கடையாகவும் இருக்கிற முன்னறையில் சட்டை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியில் அவர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, சிஸ்டர் சமையலறையிலிருந்தே பதில் சொல்வார்.

இனி ஜன்னலுக்கு வருவோம். வீட்டில் மொத்தம் மூன்று. முன்னறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மூன்றும் மரம், ஒற்றைக் கண்ணாடி. மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொண்டு மூடாது. குளிர் வந்தால் சுருங்கிக்கொண்டு, மூடினாலும் மூடியதாக இருக்காது. சமையலறை ஜன்னலில் விரிசல் விட்ட கண்ணாடிக்கு சிஸ்டரின் பழைய ஆஸ்பத்திரி ப்ளாஸ்திரிதான் குறுக்கே ஒட்டியிருந்தது. இடுக்குகளுக்குத் தாராளம் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளை உள்ளே அடைத்து நீளநீளமாகப் பாம்பு மாதிரி தைத்து, இடுக்கு இடுக்காகச் சொருகிவிடுவார். அதிலும் படுக்கையறைக்குக் கோடு போட்டது, சமையலறைக்குக் கட்டம் போட்டது என்று பொருத்தம் பார்த்துத் தைத்திருந்தார். காற்றுக்கு அந்தப் பொருத்தமெல்லாம் தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

முன்னறை ஜன்னல்தான் அவருக்கு உயிர். அதன் அடியில்தான் தையல் மெஷின். துணி கொடுப்பவர்கள் கதவுப் பக்கமே வர மாட்டார்கள், ஜன்னல் வழியாக நீட்டுவார்கள், ஜன்னல் வழியாகவே வாங்கிப் போவார்கள். கூடவே தெருவின் அத்தனை சமாச்சாரமும் உள்ளே வந்துவிடும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் தைத்தபடியே காதில் விழும். இன்னொரு வசதியும் இருந்தது. அந்த ஜன்னலை ஒட்டினாற்போல வாசல் கதவு. சாவியை மறந்துவிட்டு வெளியே போனால், ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு எட்டு எட்டினால் கதவின் உள்தாழ்ப்பாள் கைக்கு வந்துவிடும். அந்த வீட்டில் அழைப்பு மணி என்று ஒன்று வைத்ததே இல்லை.

அவர் கை எட்டுகிற இடத்துக்கு அடுத்தவன் கை எட்டாதா? அதைத்தான் சிஸ்டர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தாராளம் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒருநாள் மதியம் அவர் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்குத் தைத்து மாட்டி வைத்திருந்த கோட்டு ஹேங்கரோடு காணாமல் போயிற்று. எவனோ கொம்பு நீட்டிக் கொக்கி போட்டு இழுத்துவிட்டுக் கம்பி நீட்டியிருந்தான். தெருவே கூடிவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், ஆளைப் பார்த்தீர்களா, அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"சுலபம் சார்," என்றார் சிஸ்டர். "பெரிய கோட்டுக்குள்ள சின்னதா ஒருத்தன் போய்க்கிட்டிருப்பான். அவனைப் புடிங்க."

தெரு சிரித்தது. தாராளமும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் சிஸ்டர் சிரிக்கவில்லை.

"இன்னைக்குக் கோட்டு. நாளைக்கு?"

"நாளைக்கு உன்னையா தூக்கிட்டுப் போயிடுவான்? தூக்கிட்டுப் போனவன் தெருமுனை தாண்டுறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு மன்னிப்பு கேட்டுட்டுப் போவான்."

"கேலி பேசுங்க. ராத்திரி அந்த ஜன்னல் கடகடன்னு ஆடுறப்பல்லாம் எனக்கு நெஞ்சு திக்கு திக்குங்குது. தோள்பட்டையில குளிர் ஏறி கை தூக்க முடியல. ஹீட்டரைப் போட்டா சூடு நமக்கு நிக்குதா? தெருவுக்கில்ல போகுது. வெளிய படுத்திருக்கிற நாய்ங்க நம்ம ஜன்னலுக்கடியிலதான் வரிசையா படுக்குது, பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். நாய்கள் விவரமானவை.

"சரி, யோசிப்போம்," என்றார்.

அந்த 'யோசிப்போம்' எத்தனை வருஷத்துப் பழசு என்று சிஸ்டருக்குத் தெரியும். அதனால் அவரைக் கேட்காமலே ஜன்னல் கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரச்சொல்லிவிட்டார். வந்தது ஒரு நடுவயது அம்மாள். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் வெட்டி எடுத்த ஜன்னல் துண்டு ஒன்று, இரண்டு கண்ணாடி, நடுவில் காற்றடைத்த இடைவெளி, சுற்றிலும் ரப்பர். தாராளம் அவருக்கு உடனே ஜன்னலம்மா என்று பெயர் வைத்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் துணிப் பாம்புகளையெல்லாம் இன்னும் இறுக்கமாகச் சொருகிவைக்கவும் மறக்கவில்லை.

ஜன்னலம்மா ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். பாம்பை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். மெழுகுவத்தியை ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோனார். சுடர் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, அப்புறம் அணைந்தே போனது.

"அது... நான் மூச்சு விட்டேன்," என்றார் தாராளம்.

"நீங்க அங்க நிக்கிறீங்க சார். அவ்வளவு தூரம் மூச்சு விட்டா டாக்டரைத்தான் பாக்கணும்." ஜன்னலம்மா சிரித்துவிட்டு, "இப்ப ஜன்னலை நல்லா மூடிக் கொக்கியைப் போடுங்க. உங்க ஸ்கேலைக் கொஞ்சம் குடுங்க," என்று கேட்டு வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

அவர் துணி வெட்டக் கோடு போடுகிற மர ஸ்கேல் அது. ஜன்னல் கதவு இரண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக அதன் முனை உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு தூக்கு தூக்கியது. கொக்கி தானாகக் கழன்று விழுந்தது. ஜன்னல் திறந்துகொள்ள, வெளியே நின்று ஜன்னலம்மா "வணக்கம் சார்" என்றார். எதிரே செருப்புத் தைக்கிறவர் கை தட்டினார். சிஸ்டர் கீழே கிடந்த துணிப் பாம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாராளத்துக்குத் தேவலை.

எல்லாம் பார்த்த பிறகும் மனிதர் வாயிலிருந்து வந்தது, "யோசிச்சுச் சொல்றேம்மா."

என்னதான் பிடிவாதம் என்று கேட்கிறீர்கள்தானே? காசு ஒரு சாக்கு, அவ்வளவுதான். இரண்டு கண்ணாடி போட்டு ரப்பர் வைத்து மூடிவிட்டால் தெருச் சத்தம் உள்ளே வராது என்று ஜன்னலம்மா பெருமையாகச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் அவருக்குத் திக்கென்றது. காலையிலிருந்து மெஷினில் குனிந்தே இருக்கிற மனிதருக்கு அந்தச் சத்தம்தான் துணை. அதை வெளியே சொன்னால், பொம்பளைங்க மாதிரி ஊர்வம்பு கேட்கத்தான் ஜன்னலா என்று மானம் போய்விடும். அதனால் மரம் நல்ல மரம், இந்தக் காலத்தில் இப்படி மரம் கிடைக்காது என்று மழுப்பிக்கொண்டே இருந்தார்.

சிஸ்டர் கத்தவில்லை. அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினார்.

"நான் மக வீட்டுக்குப் போறேன். அங்க ஜன்னலை மூடினா மூடியிருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும்."

போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவுக்குத் தோள் வலி குறைஞ்சிருக்கு. ராத்திரி நல்லா தூங்குறாங்க. குளிர் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே. அதுக்கப்புறமும் இருந்தா எனக்கு சந்தோஷம்தான்." கடைசி வார்த்தையைக் கேட்டதும் தாராளம் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். நல்லா இருந்தா சரி," என்றார். திரும்பி வரச் சொல் என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டார். கட்டின நாளிலிருந்து அந்த மாதிரி வார்த்தை எதையும் அவர் வெளியே விட்டதில்லை, கேலியாக மாற்றித்தான் விடுவார்.

இப்போது ஜன்னல் அவர் இஷ்டம். நாள் முழுக்கத் திறந்தே வைத்தார். தெருச் சமாச்சாரம் குறைவில்லாமல் வந்தது. முட்டைக்காரம்மாவின் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, செருப்புத் தைக்கிறவர் லாட்டரியில் ஒரு நம்பரில் கோட்டைவிட்டது, எல்லாம் வந்தது. ஆனால் கேட்டதைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு தடவை பழக்கத்தில் "ஏம்மா, கேட்டியா இதை?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டும் விட்டார். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே முணுமுணுத்துப் பார்த்தார். சமையலறையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அவளில்லாமல் இருக்க முடியவில்லை. இதுதான் விஷயம். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் சிஸ்டரே போனில் வந்தார். "வெள்ளிக்கிழமை வர்றேன். கம்பளி, செருப்பு எல்லாம் அங்கயே கிடக்கு. எடுத்துக்கிட்டு ரெண்டு நாள்ல திரும்பிடுவேன்."

போனை வைத்த கையோடு தாராளம் ஜன்னலம்மாவைக் கூப்பிட்டார். "மாத்திடலாம்மா. மூணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"கஷ்டம் சார். ஆனாலும் செய்வோம். அளவு எடுக்க இன்னைக்கே ஆள் அனுப்புறேன்."

"எனக்கு அளவெடுக்க ஆளா?" மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அளவுலயே பொழைக்கிறவன்மா நான். நான் எடுத்துச் சொல்றேன், எழுதிக்குங்க."

"சார், தப்பாயிட்டா எங்க மேல சொல்லக் கூடாது."

"ஊர்ல எவன் சட்டையாவது இறுக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லைதான். யாரும் கேட்டிருக்க முடியாது.

கழுத்தில் தொங்கிய துணி டேப்பை எடுத்தார். சுவரில் ஜன்னல் உட்காரும் துவாரத்தின் அகலம், உயரம், எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் பிடித்தார். ஆனால் கை இருக்கிறதே, அது யார் பேச்சைக் கேட்கும்? டேப் சுவரைத் தொட்ட இடத்துக்கு மேலே அது பாட்டுக்கு இரண்டு விரல் கூட்டிப் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு, மழையில் உப்பும், குளிரில் சுருங்கும், எதற்கும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று தலை வேறு யோசித்தது. போனில் ஒவ்வொரு அளவாகக் கணீரென்று சொன்னார். ஜன்னலம்மா எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. இரண்டு ஆட்கள். ஒருவர் கடப்பாரையோடு நேராக முன்னறைக்குப் போய், பழைய ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார். பழைய மரம் விழுந்ததும் தாராளம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவர் புது ஜன்னலைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று, பளபளவென்று, பூட்டோடு. இரண்டு பேரும் தூக்கித் துவாரத்துக்கு நேராக வைத்தார்கள். அது சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சாய்த்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். எப்படி வைத்தாலும் ஜன்னல் பெரிசு, துவாரம் சின்னது.

"அளவு எடுத்தது யாருங்க?" என்றார் கடப்பாரைக்காரர்.

தாராளம் திருதிருவென விழித்தார். "நான்தான். கொஞ்சம் லூஸ் விட்டேன். மரம் உப்புமேன்னு..."

"இது மரம் இல்லைங்க. உப்பாது."

"சாப்பிட்டாக்கூட உப்பாது டெய்லரே!" என்றார் எதிர்ப்பக்கத்துச் செருப்புத் தைக்கிறவர். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அந்த மனிதருக்கு வேலையே இருக்காது.

நல்ல வேளை, மற்ற இரண்டு ஜன்னலிலும் கடப்பாரை படவில்லை. ஆட்கள் இரண்டு வழி சொன்னார்கள். புது ஜன்னலைத் திருப்பி அனுப்பிச் சரியான அளவில் செய்து வாங்கலாம், ஆனால் இன்னொரு தடவை இப்படி அவசரமாகச் செய்ய முடியாது, வரிசைப்படி வருவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். இல்லையென்றால் கொத்தனாரை விட்டுச் சுவரைச் சுற்றிலும் கொத்திவிட்டு இதையே பொருத்தலாம், ஆனால் கொத்தனார் நாளைக்குத்தான் வருவார். எதுவானாலும் முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஆக, திருட்டுக்குப் பயந்து போன சிஸ்டர் திரும்பி வருகிற நாளில், வீட்டு முகப்பில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. தாராளம் கோட்டுக்குள் வைக்கிற உள்துணியையும் பஞ்சையும் சேர்த்து அவசர அவசரமாக ஒரு திரை தைத்தார். அதை மாட்டினால் அதற்கடியில் காற்று வந்தது. வேறு வழியில்லாமல் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, முக்காலியை இழுத்துப்போட்டு, ஓட்டையை அடைத்தபடி அவரே உட்கார்ந்துவிட்டார். கையில் பாதுகாப்புக்குத் துணி வெட்டுகிற பெரிய கத்தரி.

சாயங்காலம் சிஸ்டர் டாக்ஸியிலிருந்து இறங்கினார். பார்த்தார்.

"என்னங்க இது?"

"ஜன்னல்."

"ஜன்னல் எங்க?"

தாராளம் சுவரோரம் கையைக் காட்டினார். பளபளவென்று நின்ற புது ஜன்னலை சிஸ்டர் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லாமலே எல்லாம் புரிந்துவிட்டது.

"ரெண்டு விரல் விட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

சிஸ்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து எழுந்து, "நாளைக்குக் கொத்தனாரை வரச்சொல்லுங்க. சுவரை உடைக்கட்டும். ஜன்னல் பெரிசாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றார். அப்புறம் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கு. இந்த நிலைமையில நோயாளியை விட்டுட்டுப் போக முடியாது. வேலை முடியட்டும், போய்க்கிறேன்," என்றார். கொண்டுவந்த பெட்டியை உள்ளே எடுத்துப் போகவில்லை, பிரிக்கவும் இல்லை. முன்னறை மூலையிலேயே நிறுத்தி வைத்தார்.

கொத்தனார் வந்தார், கொத்தினார், வீடெல்லாம் சுண்ணாம்புத் தூசி. மூன்று ஜன்னலும் பொருந்தின. முன்னை விட வெளிச்சம் அதிகம். ஹீட்டரைப் போட்டால் சூடு வீட்டுக்குள்ளேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டுப் போர்வை இல்லாமலே உட்கார முடிந்தது. நாய்கள் ஒரு நாள் வந்து படுத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்து வேறு வீடு பார்க்கப் போய்விட்டன. ஜன்னலம்மாவே வந்து பூட்டையெல்லாம் சோதித்துவிட்டு, "ஜன்னலை மட்டும் பூட்டினா பத்தாது சிஸ்டர், கதவையும் உள்ள தாழ் போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் அதை டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி எடுத்துக்கொண்டார்.

தெருச் சத்தம் நின்றேவிட்டது. தாராளம் பயந்தது போலவே ஆயிற்று. முட்டைக்காரம்மா எதிரே நின்று வாயை வாயை அசைப்பார், இவருக்கு ஒரு மண்ணும் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற சிஸ்டர், "மருமக திரும்பி வந்துட்டாளாம்," என்று மொழிபெயர்த்துச் சொல்வார். சத்தம் இல்லாத அந்த அறையில் சிஸ்டரின் செருப்புச் சத்தமும் மூக்கை உறிஞ்சுவதும்கூட அவருக்கு இப்போது நன்றாகக் கேட்டது. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் மூலையில் பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்தான் காரணம் என்றால் ஜன்னல் மாறிவிட்டதே, பெட்டி ஏன் உள்ளே போகவில்லை? கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, காணாமல் போன கோட்டுக்குப் பதிலாகத் தைத்த புதுக் கோட்டைக் கொடுத்துவிட்டு வர ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார். ஹெட்மாஸ்டர் போட்டுப் பார்த்து, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டதாகக் கேள்வி. அது கிடக்கட்டும். திரும்பி வந்து கதவைத் தள்ளினார். உள்தாழ். பழக்கத்தில் ஜன்னலுக்குள் கையை விட்டார். விரல் நாலும் கண்ணாடியில் போய் டங்கென்று இடித்தன.

"ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தவர், உள்ளே பார்த்தார். சிஸ்டர் மெஷின் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மகள்தான், வேறு யார். சிஸ்டர் தலையை ஆட்டினார். சரி சரி என்பது மாதிரி. பேசிக்கொண்டே குனிந்து, மூலையில் நின்ற பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

தாராளம் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். கண்ணாடியைத் தட்டினார். "ஏம்மா! ஏம்மா!" என்று கூப்பிட்டார். நல்ல ஜன்னல், சும்மா சொல்லக் கூடாது, ஒரு சத்தமும் உள்ளே போகவில்லை. தெருவில்தான் எல்லோருக்கும் கேட்டது. செருப்புத் தைக்கிறவர் ஊசியைக் கீழே வைத்தார். முட்டைக்காரம்மா கூடையோடு நின்றுவிட்டார்.

உள்ளே சிஸ்டர் பெட்டியைத் திறந்து எதையோ பார்த்தார், மூடினார். அவ்வளவுதான், மனிதருக்குத் தாங்கவில்லை. மானம் மரியாதை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"போகாதம்மா! நீ இல்லாம என்னால இருக்க முடியல! ஒரு நாள்கூட முடியல! இங்கயே இரும்மா!"

சிஸ்டர் திரும்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண் கலங்க நின்ற புருஷனின் முகத்தையும் வாயையும் பார்த்தார். போனில் ஏதோ சொல்லிவிட்டு அதைக் கீழே வைத்தார். மெதுவாக வந்து பூட்டைத் திருகி, ஜன்னலை ஒரு கதவு மட்டும் திறந்தார்.

"என்னங்க? என்ன சொன்னீங்க? கண்ணாடி மூடியிருந்துச்சு, ஒண்ணுமே கேக்கல."

தாராளம் பின்னால் திரும்பிப் பார்த்தார். செருப்புத் தைக்கிறவர் இருந்தார். முட்டைக்காரம்மா இருந்தார். புதிதாக இன்னும் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். வழக்கம்போல ஒரு கேலி பேசித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தார். கேலி எதுவும் வரவில்லை.

"போகாதன்னு சொன்னேன்," என்றார். "நீ இல்லாம என்னால இருக்க முடியலன்னு சொன்னேன்."

"ம்."

"பொட்டியை எடுத்தியே, போறியா?"

"மாத்திரைச் சீட்டு உள்ள இருந்துச்சு. மக என்ன மாத்திரைன்னு கேட்டா, எடுத்துப் பாத்தேன்." சிஸ்டர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டார். "நீங்க ஜன்னலை மாத்துவீங்களான்னு நான் காத்துக்கிட்டிருந்தேன்னா நெனைச்சீங்க?"

தாராளம் இடித்த விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"ஏய், நில்லு. உனக்கு வாயசைவைப் பாத்தாலே புரியுமே!"

"புரிஞ்சுது," என்றார் சிஸ்டர். "அத்தனையும் புரிஞ்சுது. ஆனா காதால கேக்கணும்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். போகிற வழியில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முதலில் அதை உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் வந்து தாழ்ப்பாளை நீக்கினார். அதுவரை தாராளம் குளிரில் வெளியேதான் நின்றார்.